நதியாவின் மதிப்பெண் பட்டியல்

கம்ப்யூட்டர் அறையில் ஏசி நன்றாக வேலை செய்யும், ஐயா. உத்திரமேரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அங்கே உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது எனக்குப் பிடிக்கும். இயந்திரங்கள் சூடாகக் கூடாது என்று கொடுத்தார்கள். வாத்தியார்கள் சூடாவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

விசாரணைக்காக, நடந்ததை என் வாயாலேயே சொல்லச் சொன்னீர்கள். சொல்லிவிடுகிறேன். என் பெயர் தேசிகன். இருபத்தாறு வருஷமாகக் கணக்கு வாத்தியார். இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் பள்ளிக்கு ஏழு கம்ப்யூட்டர்கள் வந்தன. பாடம் நடத்த ஆள் வரவில்லை. தலைமையாசிரியர் வேதாசலம் ஆசிரியர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “கணக்கு வாத்தியார்தானே, நீங்களே பாத்துக்குங்க சார்” என்றார். மாடு மேய்க்கிறவனுக்குப் பால்கோவா கிண்டத் தெரியும் என்று நினைக்கிற மனிதர் அவர்.

காஞ்சிபுரத்தில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு நாள் கரண்ட் இல்லை. மீதி நாளில் மவுஸை எப்படிப் பிடிப்பது என்று ஒரு பையன் சொல்லிக்கொடுத்தான். பதினோராம் நாள் சான்றிதழோடு நான் கம்ப்யூட்டர் ஆசிரியன்.

நான் கரும்பலகையில்தான் நடத்தினேன். சாக்பீஸால் மவுஸ் வரைந்தேன், கீபோர்டு வரைந்தேன். பிள்ளைகள் புரோகிராமை நோட்டில் எழுதி, கீழே பென்சிலால் கட்டம் போட்டு, அதற்குள் விடையையும் எழுதிவிடுவார்கள். கரும்பலகையில் எழுதிய புரோகிராம் ஒருநாளும் பிழை காட்டியதில்லை. மெஷின்களுக்கு உறை தைத்துப் போட்டிருந்தோம். “தொட்டாத்தானே சார் கெடும்” என்பார் வேதாசலம். ஆயுதபூஜைக்கு உறையைக் கழற்றிச் சந்தனம் வைத்து மறுபடி மாட்டிவிடுவோம். பொதுத்தேர்வில் எல்லாரும் பாஸ். யாருக்கும் குறையில்லை.

குறை நதியாவால் வந்தது.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடிசைகள் இருக்கின்றன. அங்கே பொன்னன் என்பவனின் மகள். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் பிரிவு கேட்டாள். தாவரவியல் வாத்தியார் சாமுவேல் அவளுக்காகச் சண்டை போட்டுச் சேர்த்துவிட்டார். அவர் ஊரைத் திருத்த வந்தவர். நான் மறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சாமுவேலைத் தவிர.

பெருக்குகிறவள் பெருக்கியிருக்க வேண்டும். ஒன்றரை வருஷம் அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் உறையைக் கழற்றி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. நான் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

தெரிந்த நாள் ஒன்று உண்டு. இரண்டாயிரத்து ஆறு ஜனவரியில் தாண்டவராயன் என்ற அதிகாரி ஆய்வுக்கு வந்தார். வாய்ப்பாடு போடும் புரோகிராம் ஒன்றைப் புத்தகத்தைப் பார்த்து அடித்து வைத்திருந்தேன். ஓடவில்லை. மறுபடி அடித்தேன். ஓடவில்லை. மெஷின் கோளாறு என்றேன்.

பின்வரிசையில் நதியா எழுந்தாள். “சார், மெஷின் நல்லாத்தான் கீது சார். ஏழாவது வரி கடைசில செமிகோலன் உட்டுட்டீங்க.”

அதிகாரி கூப்பிட்டார். அவள் வந்து கீபோர்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். பதினாறாம் வாய்ப்பாடு திரையில் இறங்கியது. தாண்டவராயன், “தேசிகன் சார், நீங்க போய் அந்தப் பெஞ்சுல உக்காருங்க. இந்தப் பொண்ணு நடத்தட்டும்” என்றார். நாற்பது பிள்ளைகள் சிரித்தார்கள். வேதாசலம் சிரித்தார். நானும் சிரித்தேன். நடந்ததற்கு இதுதான் காரணம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தவறு. ஒரு செமிகோலனுக்காக மனம் கோணுகிறவன் இல்லை நான்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. பள்ளியில் இன்டர்நெட் இருந்த ஒரே இடம் கம்ப்யூட்டர் அறை. பிள்ளைகளை வாசலில் நிற்கவைத்து, பதிவெண்ணை வாங்கி, நானே பார்த்துச் சொன்னேன். சாமுவேல் ஊரில் இல்லை. பன்னிரண்டு மணிக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் நதியா அப்பனோடு வந்தாள்.

பொன்னன் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றான். “சார், திருப்புலிவனம் கூட்ரோட்டாண்ட செங்க சூளை லாரி வந்து நின்னுகினு கீது. எங்க ஆளுங்கள்ளாம் ஏறிட்டாங்க. பொண்ணு பாசாயிட்டா நாங்க போவல சார். சாமுவேல் சாரு காஞ்சிபுரத்துல ஆஸ்டல்ல சேத்து வுட்டு காலேஜுக்கு அனுப்பறேன்னுகீறாரு. இன்னான்னு பாத்து சொல்லுங்க சார்.”

கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அடித்தேன். சரியாகத்தான் அடித்தேன். மொத்தம் ஆயிரத்து இருநூற்றுக்கு ஆயிரத்து அறுபத்திரண்டு. அந்தப் பெண் காலேஜுக்குப் போய் என்ன ஆகப்போகிறது என்று யோசித்தேன். அங்கே பெரிய இடத்துப் பிள்ளைகள் வருவார்கள். இவளுடைய பேச்சைக் கேட்டு அவர்களும் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அழுதுகொண்டு திரும்புவாள். அந்த அவமானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்து, “இயற்பியல் போயிடுச்சும்மா” என்றேன். இயற்பியல் தேர்வன்று அவளுக்குக் காய்ச்சல். அதனால் அதைச் சொன்னால் நம்புவாள்.

அவள் அழவில்லை. “சார், நான் ஒரு தபா பாக்கட்டுமா?” என்றாள்.

“லைன் கட்டாயிடுச்சு” என்றேன். அது பொய்யில்லை. எழுந்து வருவதற்கு முன்னால் டெலிபோன் ஒயரைப் பிடுங்கியிருந்தேன்.

பொன்னன் கும்பிட்டான். “எங்க தலையெழுத்து அதான் சார். வாம்மா, லாரி போயிடும்” என்றான். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னையல்ல, அறையின் கதவை.

நான்கு நாள் கழித்து ஊர் திரும்பிய சாமுவேல் குடிசைகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். ஆளில்லை. எந்தச் சூளை என்று சொல்ல அக்கம்பக்கத்தில் எவரும் மிச்சமில்லை. என்னிடம் வந்து, “ரிசல்ட் பாக்க வந்தாளா சார்?” என்று கேட்டார். வரவில்லை என்றேன். மதிப்பெண் பட்டியல் வந்தபோது அவளுடையது மட்டும் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. சாமுவேல் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடக் கிளம்பிவிடுவார் போல இருந்தது. எனவே பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நானே கையெழுத்துப் போட்டு எடுத்து வைத்துக்கொண்டேன். வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று அவரிடம் சொன்னேன். அதோடு அவர் தேடுவதை விட்டுவிட்டார். பட்டியலை நான் கிழிக்கவில்லை. அரசாங்க ஆவணத்தைக் கிழிப்பவன் நான் இல்லை. இதோ, கசங்காமல் கொண்டுவந்திருக்கிறேன்.

மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் நதியா வந்தாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க டி.சி. வேண்டுமாம். நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளங்கையெல்லாம் செங்கல் நிறம்.

எழுத்தர் வரதன் பழைய பதிவேட்டைப் புரட்டினார். “மார்க் ஷீட்டை வச்சே பேரு சேக்கலாமேம்மா. அதான் அப்பவே வாங்கினு போயிட்டியே, கையெழுத்துகூட கீது.”

“நான் ஃபெயிலுண்ணா. நான் எங்க வந்து வாங்கினேன்?”

“ஃபெயிலா? நீதானேம்மா அந்த வருஷம் கம்ப்யூட்டர்ல ஃபர்ஸ்ட்டு.”

அவள் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்து தமிழில் இருந்தது. அவள் எப்போதும் இங்கிலீஷில்தான் போடுவாளாம். இருளர் வீட்டுப் பெண் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவாள் என்று எனக்கெப்படித் தோன்றும்? பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“சார், அன்னிக்கு நீங்க நம்பரு சரியாத்தான் போட்டீங்களா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “எங்கப்பா சூளை செவுரு சரிஞ்சி செத்துட்டாரு சார். சாவற வரைக்கும் நான் நல்லா படிக்கலன்னே நெனச்சிகினு இருந்தாரு.”

அந்தச் சுவரை நான் கட்டவில்லை. லாரியை நான் வரவழைக்கவில்லை. இதெல்லாம் உங்கள் அறிக்கையில் வர வேண்டும். அதே நேரத்தில், அவள் பாஸ் என்று தெரிந்துதான் ஃபெயில் என்று சொன்னேன். கையெழுத்தும் என்னுடையது. இந்த இரண்டையும் நான் மறுக்கவில்லை. இரண்டுக்கும் கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் சுதந்திர தினத்தன்று, கம்ப்யூட்டர் பாடத்தில் பள்ளி வரலாற்றிலேயே இல்லாத மதிப்பெண் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டேன், ஐயா. இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நான் சொல்லிக்கொடுக்காமல் அது அவளுக்கு எங்கிருந்து வந்திருக்கும்?