ஒன்பதாம் நம்பர்

— அக்கா, ஒன்பதாம் நம்பரை மறுபடியும் தூக்கிப் போட்டுட்டீங்களா?

— கெட்டுப்போன சாம்பிள், கணக்குப்புலி. கண்ணாடிப் பெட்டில வெச்சு அழகு பார்க்கச் சொல்றியா?

— அதாவது... இது மூணாவது தடவை.

— கை தடுமாறியிருக்கும். வயசாகுதுல்ல.

— இருபது வருஷமா இந்த லேப்ல ஒரு சொட்டு ரத்தம் உங்க கையால வீணானதில்லை. மூணு தடவையும் நாப்பத்தெட்டு, நாப்பத்தொன்பது, நாப்பத்தெட்டு. கெட்டுப்போறது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியா கெடும்?

— மெஷின் கோளாறு.

— அதே மெஷின்லதான் அந்தப் பையன் ரத்தத்தையும் பார்த்தோம். ஜீன் மேல ஒட்டி அதை வேலை செய்யவிடாம அடைக்கிற மீத்தைல் அளவு, நல்லா இருக்கிறவங்களுக்கு நூத்துக்குப் பத்துக்குள்ள. நரம்பு தளர்ந்து நடையே போன அவனுக்குத் தொண்ணூறு. ஆனா நோவு நொடி எதுவும் தெரியாம அதைச் சுமந்த அவன் அம்மாவுக்கு ஐம்பது.

— எனக்கே பாடம் எடுக்கிறியா?

— ஒன்பதும் நட்டநடுவுல நிக்குதுக்கா. யாரோ ஒரு பொண்ணு தெரியாமலே சுமந்துக்கிட்டிருக்கா.

— ஒப்பிட்டுப் பார்க்கத்தான் நல்லா இருக்கிறவங்ககிட்ட கேட்டு வாங்கினோம். பேர் போடாம.

— பேர் எழுதின நோட்டு உங்க பீரோல இருக்கு, சாவி உங்க பையில இருக்கு. நீங்கதானே ஒன்பது?

— வேலையைப் பாருப்பா.

— மறைக்காதீங்கக்கா. உங்க பொண்ணு மூணு மாசம் முழுகாம இருக்கா. உங்களுக்கு இருந்தா அவளுக்கும் இருக்கலாம். பொண்ணுங்க சும்மா சுமப்பாங்க, நோய் வர்றது ஆம்பளைப் பிள்ளைக்குத்தான்; வயித்துல இருக்கிறது பையனா இருந்துட்டா? இப்பவே பரிசோதனை பண்ணியாகணும்.

— நான் ஒன்பது இல்லை. நாலு.

— நாலா? இருங்க... ஏழுதான் காட்டுது. சுத்தம்! அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்க.

— ஒன்பது என் பொண்ணு.

— என்னக்கா சொல்றீங்க?

— கல்யாணத்துக்கு முன்னாடி ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தா. ஆள் குறையுதேன்னு நான்தான் கையை நீட்டச் சொன்னேன். ஊசின்னா அவளுக்கு உயிரே போயிடும். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டா.

— தெரிஞ்சுமா மூணு தடவை தூக்கிப் போட்டீங்க?

— முதல் தடவை நிஜமாவே கெட்டுப்போச்சுன்னுதான் நெனச்சேன். அப்புறம் பயந்துட்டேன். பெரிய தப்புதான்.

— நோயை நெனச்சு பயமா?

— அதுக்கு மட்டும் பயந்திருந்தா அன்னிக்கே அவகிட்ட ஓடியிருப்பேனே. சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன். இனிமே சொல்லாம இருக்க முடியாது.

— ஆனா இது இடிக்குதேக்கா. அவ அப்பாவுக்கு இருந்திருந்தா அவரால நடக்கவே முடிஞ்சிருக்காது. அம்மாகிட்டேருந்துதான் வரணும். உங்களுக்கு இல்லையே, அவளுக்கு எங்கேருந்து?

— அவளும் முதல்ல அதைத்தான் கேப்பா.

— என்ன சொல்லுவீங்க?

— பெத்தவகிட்டேருந்துன்னு. அவ யாருன்னு எனக்கே தெரியாது, புலி. அப்படி ஒருத்தி இருக்கான்னே என் பொண்ணுக்குத் தெரியாது.