செம்மொழிக்குப் பொங்கிப் போட்ட ஊர்

ஆற்றங்கரைக் காற்றும் அடங்கிக் கேட்கும் இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் கனிமொழி அவர்களே, முன்வரிசையில் மடிப்புக் கலையாத வேட்டியோடு வீற்றிருக்கும் பெரியோர்களே, நடவு முடித்துக் கைச்சேறு காயும் முன்னே வந்து சேர்ந்திருக்கும் என் தாய்மார்களே, உள்ளே இடமிருந்தும் பந்தல் காலைக் கட்டிக்கொண்டு நிற்கும் இளைஞர்களே, கொட்டகைக்குப் பின்னால் பிரியாணி அண்டாவோடு போராடிக்கொண்டிருக்கும் ஜாஃபர் சாதிக் பாய் அவர்களே, எல்லோருக்கும் மேலாக, நாளை மறுநாள் சென்னைப் பரங்கிமலையில் இராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போய்ச் சேரவிருக்கும் என் அக்காள் மகள் செம்மொழி அவர்களே. ‘அவர்களே’ என்னும்போது நாக்கு கொஞ்சம் தடுக்குகிறது. மூக்கொழுக மூக்கொழுக என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளை. இருந்தாலும் சொல்லிப் பழகத்தான் வேண்டும். உங்கள் அனைவருக்கும் இந்த நெடுமாறனின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அந்த எட்டாம் வகுப்பையும் இரண்டு முறை, ஆழம் பார்த்துப் படித்தவன். ஆனால் இராணுவம் எனக்குப் புதிதல்ல. லாரி ஓட்டிய காலத்தில் ஒரு முறை இராணுவ முகாமுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போனேன். வாசலில் நின்ற சிப்பாய் என்னைக் கண்டதும் விறைத்து நின்று சலாம் அடித்தார். யாரது சிரிப்பது? என் மச்சான் கோவிந்தராசுவா, பெண்ணைப் பெற்றவரா? எனக்குப் பின்னால் ஜீப்பில் அதிகாரி வந்தார் என்கிறார். வந்திருக்கலாம். முன்னால் போனவன் நான்.

அப்பேர்ப்பட்ட குடும்பத்துப் பெண்ணைத்தான் ஐந்து நாள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். “உங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீர் போதவில்லை என்றால் என்ன செய்வாய்?” என்று ஒரு பெரிய அதிகாரி கேட்டாராம். “முதலில் கடைமடைக்காரரிடம் போய்ப் பேசுவேன் ஐயா, அவருக்குத்தான் வந்து சேர்ந்திருக்காது” என்றாளாம். அந்த அறையில் இருந்த அத்தனை அதிகாரிகளும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சரி, செம்மொழி இல்லையென்று தலையாட்டுகிறாள். ஒருவர் மட்டும் புன்னகைத்தாராம். புன்னகைத்தாரா, அது போதும்.

தேர்வாகிவிட்டாள். அதோடு முடிந்ததா? முடியவில்லை அன்பர்களே. போய்ச் சேருகிற நாளிலேயே உடம்பு தயாராக இருக்க வேண்டும். ஓட்டம் வேண்டும், தண்டால் வேண்டும், கயிறு ஏற வேண்டும், முதுகில் மூட்டையோடு நடக்க வேண்டும். அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் காலெலும்பில் விரிசல் கண்டு படுத்துவிடுகிறார்களாம். பின்தங்கினால் என்ன ஆகும்? கூடச் சேர்ந்தவர்கள் தோளில் நட்சத்திரம் ஏறும் நாளில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்.

ஆகவே, நம் குடமுருட்டி ஆற்றங்கரை அவளுக்கு ஓட்டப் பாதை ஆனது. போர்செட்டுப் பக்கத்துத் தென்னைகளுக்கு நடுவே கட்டிய இரும்பு பைப்பு, தொங்கி ஏறும் கம்பி ஆனது. யூரியாச் சாக்கில் மணலை நிரப்பி முதுகில் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தாள். சோழர் படையே இந்தக் கரை வழியாகத்தான் போயிருக்கும் என்று நான் டீக்கடையில் சொன்னேன். ஆதாரம் கேட்காதீர்கள், போகவில்லை என்பதற்கும் உங்களிடம் ஆதாரம் இல்லை.

எல்லாம் நன்றாகப் போனது. நாம் புகுந்து கெடுத்தோம்.

ஆமாம் தாய்மார்களே, நாம்தான். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கல்யாணம் நிச்சயமான பெண்ணை உறவுக்காரர்கள் வீட்டுக்கு வீடு அழைத்துப் பொங்கிப் போடுவோம். விரால் மீன் குழம்பு வைப்போம், நாட்டுக்கோழி அடிப்போம், போதும் போதும் என்று கையை விரித்தாலும் விரலிடுக்கில் நெய் ஊற்றுவோம். செம்மொழி ஊரை விட்டுப் போகிறாள் என்ற செய்தி வந்ததும் என்ன செய்தோம்? அதையேதான் செய்தோம். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் மறுத்தால் அது மனத்தாங்கல். அதனால் அவள் எந்த வீட்டிலும் மறுக்கவில்லை. “வெயில்ல ஓடாத, கருத்துடுவ” என்றது ஒரு வீடு. “சாப்பிட்ட ஒடம்பு, சித்த படு தாயி” என்றது இன்னொரு வீடு. மணப்பெண்ணுக்கு மினுமினுப்பு வேண்டும், சரி. மலையேறப் போகிறவளுக்கு எதற்கு?

ஒரு நாள் காலை அவள் கரையில் ஓடினாள். பின்னால் கோவிந்தராசு பைக்கில் போனார். வழக்கமாக மதகைத் தாண்டி ஓடுகிறவள், பாதி வழியிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பைக்கை நிறுத்தி, “என்னம்மா ஆச்சு?” என்று அவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். “இப்படியே போனா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்கப்பா.” என் மச்சான் அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் பொங்கிப் போடும் முறை யாருக்கு வந்தது? கோவிந்தராசுவின் மூத்த அக்காள், அதோ மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாரே, அந்த ராமாயி அக்காவுக்கு வந்தது. நானும் விருந்துக்குப் போயிருந்தேன். என்னை அழைத்தார்களா என்று கேட்காதீர்கள், வாசனை அழைத்தது. செம்மொழி வந்தாள். இலையில் உட்காராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

“என்ன தாயி நிக்கிற? இலை போட்டாச்சுல்ல.”

“தப்பா நினைச்சுக்காதீங்க அத்தை. நான் சாப்பிடல.”

“ஏன்? அடுத்த தெருக்காரன் வூட்டுல எல்லாம் கை நனைச்ச. ஒங்கப்பனோட கூடப் பொறந்தவ வூட்டுச் சோறு ஒனக்கு எறங்காதோ?”

“எறங்கும் அத்தை. அதான் பயமா இருக்கு. மதகு வரைக்கும் கூட ஓட முடியல.”

ராமாயி அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று நான் என் இலையை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. குரல்தான் உடைந்தது.

“அப்ப நான் ஒனக்கு என்னதாண்டி செய்யறது? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான.”

செம்மொழி சொன்னாள். “அங்க ஒரு ஆளைத் தோள்ல தூக்கிட்டு ஓடணும் அத்தை. அடிபட்டவங்களைத் தூக்கிட்டு வர்ற பயிற்சி. மணல் சாக்கைத் தூக்கிப் பாத்தேன், அது ஆள் மாதிரி இல்ல. நீங்க வாங்க, ஒங்களைத் தூக்கறேன்.”

“என்னையா? போடி கிறுக்கி. ஊரு பாத்தா சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நீங்க விழாம பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை, கரையில் ஊரே கூடியது. ஊர் சிரித்தது உண்மை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “போட்டுடாதடி, போட்டுடாதடி” என்று கண்ணை மூடிக்கொண்டே அந்தத் தோளில் சாய்ந்தார் ராமாயி அக்கா. செம்மொழி நடந்தாள், தடுமாறினாள், பிறகு ஓடினாள். இறக்கிவிட்ட பிறகு அக்கா எழுந்திருக்கவில்லை. புல்லிலேயே உட்கார்ந்திருந்தார்.

“என்னக்கா, மயக்கமா?” என்று கேட்டேன்.

“இல்லடா தம்பி. நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து கட்டு தூக்கியே பழக்கம். என்னை யாரும் தூக்கினதில்ல. பாடையிலதான் தூக்குவாங்கன்னு இருந்தேன்.”

அதற்குப் பிறகு கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள் பெரியோர்களே. நாற்றுமுடி சுமந்த தலை அது. நெற்கட்டு சுமந்த தலை. தனக்கென்று ஒரு குழி நிலம் இல்லாத காலத்திலும் அடுத்தவர் களத்தை நிறைத்த தலை. அந்தத் தலைமுறை வயிறு நிறையச் சோறு கண்டது எப்போது? அதனால்தான் நமக்கு அன்பு என்றால் சோறு. பாசம் என்றால் சோறு. பெருமை என்றால் இன்னும் இரண்டு கரண்டி சோறு. அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் பெட்டியோடு புறப்பட்டால் அது புகுந்த வீட்டுக்குத்தான் என்று இருந்தது. நம் கைக்கு வேறு வழியனுப்பு தெரியவில்லை. ஆனால் இவள் இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை, தன் வேலைக்குப் போகிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று நாம் யாராவது கேட்டோமா? ராமாயி அக்கா கேட்டார். அழுதுகொண்டே கேட்டாலும் கேட்டார்.

அன்றிலிருந்து பொங்கிப் போடும் முறை மாறியது. முறை வந்த வீடு இலை போடவில்லை, ஆளை அனுப்பியது. ஒல்லியானவர்கள் முதலில், கனத்தவர்கள் பிறகு. அவள் ஒரு காளை மாட்டையே தூக்கிவிட்டாள் என்று வலங்கைமான் பேருந்து நிலையத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியாது. கன்றுக்குட்டிதான், அதுவும் பாதி தூரம் தானே நடந்தது. ஆனால் போன வாரம் மதகைத் தாண்டி, ஆற்றுக் கதவணை சட்ரஸையும் தாண்டி, நிற்காமல் ஓடித் திரும்பினாளே, அதில் என் சரக்கு எதுவும் இல்லை. கோவிந்தராசுவைக் கேளுங்கள். தலையாட்டுகிறார் பாருங்கள்.

இப்போது கடைசி முறை. வழக்கப்படி அது தாய்மாமன் உரிமை. என்ன பாய், தம் போட்டாச்சா? போட்டாச்சாம். அந்த அண்டா உங்களுக்கு. செம்மொழிக்கு இட்லிதான். அப்படியென்றால் இந்த நெடுமாறன் தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டானா? ஒரு நாளும் இல்லை. நாளைக் காலை கரையில் அவள் தூக்கப்போகும் கடைசி ஆள் நான். என்னம்மா சொல்கிறாய்? மைக்கில் சொல். “அப்ப பிரியாணி சாப்பிடாம வாங்க மாமா” என்கிறாள். அதிகாரி உத்தரவு. கீழ்ப்படிகிறேன்.

என்றைக்கோ ஒரு நாள், பனிமலையிலோ பாலை மணலிலோ, அடிபட்டு விழுந்த ஒரு வீரனை இந்தப் பெண் தன் தோளில் தூக்குவாள். எந்த ஊர்ப் பிள்ளையோ, எந்த மொழி பேசுகிறவனோ, யார் பெற்ற மகனோ. அவனைத் தூக்கியதும் அவள் தடுமாற மாட்டாள், நிமிர்ந்து ஓடுவாள். தனக்கு முன்னால் அந்தத் தோளில் ராமாயி என்று ஒருத்தி சாய்ந்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியப்போவதில்லை. நமக்குத் தெரியும். அது போதும்.

மைக் செட்டுக்காரர் முறைக்கிறார், நிறுத்துகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுக்காமல் குறுக்கிட்ட மச்சானுக்கும், உங்கள் கனத்தையெல்லாம் அவள் தோளுக்குக் கொடுத்த தாய்மார்களுக்கும் என் நன்றி. பந்திக்கு எழுந்திருங்கள், காலையில் கரைக்கு வாருங்கள். வணக்கம்.