ஒன்பது தட்டு

— இதையும் வேண்டாம்னு சொல்லிடாதேக்கா. காலையிலேர்ந்து மூணு வேனைத் தள்ளி விட்டாச்சு.

— தள்ளினது நானா? முதல் வண்டியில சிகரெட் நாத்தம். ரெண்டாவதுல நாய் படுத்திருக்கு. மூணாவதுல யாரோ வாந்தி எடுத்ததை மேலோட்டமா துடைச்சு விட்டிருக்காங்க. அதுல கொண்டுபோய் நம்ம புள்ளைங்களை உக்கார வைக்கணுங்கறியா?

— நான் அப்படிச் சொல்லலையே. அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன். புரோக்கர் அண்ணே, இவங்க எங்க அக்கா. லாண்டரியில கறை எடுக்கற வேலை, முப்பத்திரண்டு வருஷம். என்ன கறை, எப்பப் பட்டதுன்னு மோந்து பாத்தே சொல்லிடுவாங்க.

— அப்படியாம்மா? அப்ப நான் பேசறதே வீண். வண்டியே பேசட்டும். ஒரே ஓனர். ஒரு டாக்டரம்மா, பூ மாதிரி வச்சிருந்தாங்க. பொய் சொன்னா எனக்குச் சாப்பாடு இறங்காது.

— உங்களைப் பாத்தா நல்லாத்தான் இறங்குற மாதிரி இருக்கு.

— அக்கா, வந்த இடத்துல வம்பு வேண்டாம். ஏறு. கடைசி சீட்டுக்குப் போய் உக்காரு.

— கடைசி சீட்டுக்கா? என் முழங்கால் மடங்காதுன்னு உனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுதான் சொல்றேன். உன் உடம்பு அங்க நுழைஞ்சிடுச்சுன்னா எங்க மாமனார் கண்ணை மூடிக்கிட்டு நுழைஞ்சிடுவார். உன்னை விட்டா வேற யாரை வச்சு அளக்கறது?

— நான் என்ன அளவு டேப்பாடா?

— டேப்பு இவ்வளவு அகலம் இருக்காது.

— நீங்க சிரிச்சது போதும் புரோக்கர், கையைக் கொடுங்க. அம்மாடி. சரி, உக்காந்துட்டேன்.

— கால் வைக்க இடம் இருக்காக்கா?

— தாராளமா இருக்கு. இந்த ஜன்னலோரம் நல்லா இருக்கு, வெயில் படாது. ஏழு மணி நேரப் பயணம்டா. நடுவுல ரெண்டு தடவை நிறுத்தச் சொல்லுவேன், அப்ப முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.

— போன் வருது, அவதான். அண்ணே, ரெண்டு நிமிஷம், வெளிய போய்ப் பேசிட்டு வந்துடறேன். அக்கா, நல்லா பாத்து வை. நீ சரின்னா இன்னைக்கே முடிச்சுடலாம். சனிக்கிழமை புது வீட்டுல இருக்கணும்.

— நீ போடா, நான் பாத்துக்கறேன்.

— இறங்கறீங்களாம்மா? கையைக் கொடுக்கட்டுமா?

— இருங்க புரோக்கர், இந்த சீட் பெல்ட்டைக் கொஞ்சம் இழுத்துப் பாக்கறேன்.

— நல்லா வேலை செய்யும்மா. எல்லா பெல்ட்டும் நல்லா வேலை செய்யும்.

— வேலை செய்யுதான்னு யாரு பாத்தா? துணின்னா கடைசி முழம் வரைக்கும் இழுத்துப் பாக்கணும். வெளிய தெரியற பக்கத்தை யாரு வேணா துவைச்சிடுவாங்க. இதோ, இது என்ன கோடு?

— நிழலா இருக்கும்மா.

— நிழல் விரல்ல ஒட்டாது. இந்தாங்க, பாருங்க. வண்டல். வெள்ளத்துல முங்கின துணி எங்க லாண்டரிக்கு எத்தனை மூட்டை வந்திருக்கும்னு நினைக்கறீங்க? தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சோ அங்க கோடு போட்டுட்டுத்தான் போகும். இதுல சீட்டுக்கு மேல நின்னிருக்கு. நீங்க சென்ட் அடிச்சு, புது கவரைத் தைச்சு மாட்டிட்டீங்க.

— கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா.

— உங்க சாயம் வெளுத்துப் போச்சு, புரோக்கர். டாக்டரம்மா பூ மாதிரி வச்சிருந்தாங்களாமே. எந்தப் பூ, தாமரையா?

— நானும் புள்ளகுட்டிக்காரன்மா. தண்ணில நின்ன வண்டிதான். ரெண்டு நாள் நின்னுச்சு. என்ஜினைப் பிரிச்சுக் கழுவியாச்சு, பிரேக்கெல்லாம் புதுசு. உயிருக்கு ஒண்ணும் ஆகாது.

— பின்ன எதுக்கு ஆகும்?

— ஒயரெல்லாம் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். மூணு மாசமோ, ஆறு மாசமோ. ஒரு நாள் போற வழியில நின்னுடும். நின்னா நின்னதுதான், அப்புறம் எந்த மெக்கானிக்கும் கையை வைக்க மாட்டான்.

— நாலு சின்னதுங்களை வச்சுக்கிட்டு நடுவழியில நிக்கணுமா? நல்லா இருக்கு உங்க நியாயம். தம்பி வரட்டும், முதல் வேலையா இதைத்தான் சொல்லப் போறேன்.

— சொல்லுங்க, வேண்டாங்கலை. இது போனா போகட்டும். அந்தப் பக்கம் ஒரு நீல வேன் நிக்குது பாருங்க, பன்னிரண்டு சீட்டு. அது சொட்டுத் தண்ணி பாக்காத வண்டி. சார்கிட்ட காலையிலேயே காட்டினேன். திரும்பிக்கூடப் பாக்கலை, ஒன்பது சீட்டுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார். ஆமா, நீங்க மொத்தம் எத்தனை பேரு?

— ஒன்பதுதான்.

— எண்ணித்தான் சொல்றீங்களா?

— தினமும் ரெண்டு வேளை எண்ணறேன். எங்க வீட்டுல தலையை எண்ணற பழக்கம் இல்லை, தட்டைத்தான் எண்ணுவோம். தம்பிக்கு ஒண்ணு, அவன் பொண்டாட்டிக்கு ஒண்ணு. அவ அப்பா அம்மாவுக்கு ரெண்டு. அவ தம்பி ஒருத்தன் இருக்கான், எந்த வேலைக்கும் போகாத மகாராஜா, அவனுக்கு மட்டும் பெரிய தட்டு. புள்ளைங்க நாலு. பெரியவ, குண்டன், இரட்டைங்க ரெண்டு. ஆச்சா, ஒன்பது.

— நீங்க?

— நானா?

— உங்க தட்டு எங்கம்மா?

— எனக்கு எங்க தட்டு வச்சேன். எல்லாரும் எழுந்த பிறகு, மிச்சத்தை அந்தப் பாத்திரத்துலயே போட்டு... அட, என்னை விட்டுட்டேனே. இந்தக் கூத்தைப் பாருங்களேன். இத்தனை வருஷமா ஒன்பது ஒன்பதுன்னு சொல்லிட்டுத் திரியறேன். பாவம், என் பேச்சை நம்பித்தான் அவனும் ஒன்பது சீட்டுன்னு அலையறான்.

— அப்படித்தானாம்மா?

— பின்ன? எத்தனை பேருக்குன்னு எதுக்கெடுத்தாலும் என்கிட்டதான் கேப்பான். நல்ல வேளை நீங்க கேட்டீங்க. இதோ, வந்துட்டான். டேய், இங்க வா. ஒரு வேடிக்கை கேளு.

— என்னக்கா, பாத்து முடிச்சிட்டியா?

— பாத்தது இருக்கட்டும். நாம ஒன்பது இல்லடா, பத்து. தட்டை எண்ணி எண்ணி என்னையே விட்டுட்டேன். அந்த நீல வண்டியைப் பாரு, பன்னிரண்டு சீட்டாம். எல்லாரும் காலை நீட்டிட்டுப் போகலாம்.

— ஒன்பது சரிதான்க்கா.

— சரியில்லடா, நீயே எண்ணிப் பாரு.

— எண்ணிட்டேன்.

— எண்ணிட்டியா? அப்ப நான் எங்க உக்கார்றது, குண்டன் மடியிலயா?

— இதை வீட்டுக்குப் போய்ப் பேசலாம்னு இருந்தேன்.

— எதை?

— டென்ஷன் ஆகாம கேளு. பிராக்டிகலா பாரு. புது வீட்டுல மூணே ரூம். ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு அத்தை மாமாவுக்கு, ஒண்ணு புள்ளைங்களுக்கு. மச்சான் ஹால்ல படுத்துப்பான்.

— நான் சமையக்கட்டுல படுத்துக்கறேன். இப்ப மட்டும் மெத்தையிலயா படுக்கறேன்?

— அங்க சமையக்கட்டு தனியா இல்லக்கா, ஹாலோட சேர்ந்தது. வர்றவங்க போறவங்க கண்ணுல படும்.

— நான் படுவேனா, சமையக்கட்டு படுமா?

— பாத்தியா, இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்.

— என் துணியெல்லாம் புள்ளைங்க பெட்டியில வச்சுக் கட்டிட்டேனேடா.

— தெரியும். அவ நேத்தே பிரிச்சு, தனியா ஒரு பையில எடுத்து வச்சுட்டா.

— சரி. அப்ப பழைய வீட்டுல நான் மட்டும் இருக்கணுமா?

— அதை மாசக் கடைசியில காலி பண்றதா வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சு. உன்னை நடுத்தெருவுல விட்டுட்டா போவேன்? லாண்டரி முதலாளிகிட்ட பேசிட்டேன். பாய்லருக்கு மேல ஒரு ரூம் சும்மா கிடக்குதாம். வேலைக்கு நடக்க வேண்டாம். எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், உன் முழங்காலுக்கும் நல்லது.

— முதலாளிகிட்ட எப்பப் பேசினே?

— போன மாசம்.

— போன மாசம். அதுலேர்ந்து தினமும் அவர் முகத்துல முழிச்சிட்டு இருக்கேன். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வீட்டுல யாருக்கெல்லாம் தெரியும்?

— எல்லாருக்கும்தான். உன் முகத்தைப் பாத்துச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரலை.

— புள்ளைங்களுக்கும் தெரியுமா?

— பெரியவ ரெண்டு நாள் அழுதா. படிக்கறதுக்குத் தனி மேசை வாங்கித் தர்றேன்னதும் சரியாயிட்டா.

— அம்மா போனப்ப உனக்கு நாலு வயசு. உன்னை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் லாண்டரிக்குப் போனேன். பொண்ணு பாக்க வந்தவன், இந்தப் பையனும் கூடவே வருவானான்னு கேட்டான். வராம எங்க போவான்னேன். அவன் எழுந்து போயிட்டான். எனக்கு அன்னைக்கு வருத்தமே இல்லைடா. இன்னைக்குத்தான் வருத்தமா இருக்கு.

— அதைத்தான் நானும் சொல்றேன். இனிமேலாவது உனக்குன்னு வாழு. யாருக்கும் வடிச்சுக் கொட்ட வேண்டாம், யாரு தட்டையும் கழுவ வேண்டாம்.

— எனக்குன்னு. பாய்லருக்கு மேல.

— என்னமோ நான் உன்னைத் தள்ளி விட்ட மாதிரி பேசாதே. போன வாரம்கூடக் கேட்டேனா இல்லையா? வண்டி பாக்கப் போறேன், மொத்தம் எத்தனை பேருக்குன்னு கேட்டேன். ஒன்பதுன்னு சொன்னது யாரு? உன் வாயாலதானே சொன்னே.

— ஆமா, நான்தான் சொன்னேன்.

— அப்பவே பத்துன்னு சொல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்.

— முதலாளிகிட்ட பேசி முடிச்ச பிறகா?

— விடுக்கா. வெளியாளை வச்சுக்கிட்டு எதுக்கு இதெல்லாம்?

— பரவாயில்லை சார். நான் வேணா அந்தப் பக்கம் போய் நிக்கறேன். நீங்க பேசிட்டுக் கூப்பிடுங்க.

— எங்கயும் போகாதீங்க புரோக்கர், இங்கயே நில்லுங்க. பேச்செல்லாம் முடிஞ்சுது.

— அதான் சரி. அக்கா, சீக்கிரம் சொல்லு. அவ போன்ல அதையேதான் கேட்டுட்டு இருக்கா, உங்க அக்கா மூக்கு என்ன சொல்லுதுன்னு. நீ சரின்னு சொன்னாத்தான் ஏறுவாளாம்.

— என் மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கையா?

— இந்த விஷயத்துல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாதே. யாரு என்ன மறைச்சாலும் நீ கண்டுபிடிச்சிடுவேன்னு அவளே ஊர் பூரா சொல்லிட்டிருக்கா.

— யாரு என்ன மறைச்சாலும். அது சரி.

— அம்மா, நீங்க சொல்ல வந்ததைச் சொல்லிடுங்கம்மா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. புள்ளைங்க போற வண்டி.

— என்ன சொல்ல வந்தே? ஏன்க்கா, ஏதாவது கறையா?

— கடைசி சீட்டு பெல்ட்டை முழுசா இழுத்துப் பாத்தேன்.

— பாத்து?

— சுத்தமா இருக்கு. எடுத்துக்கோ தம்பி. ஒன்பது பேருக்கு அம்சமா இருக்கும்.