விவரம் நாளை

பாபு: தண்ணிய ஊத்துடா, தண்ணிய ஊத்து... காஞ்ச செவுத்துல கிழிச்சா பாதிதான் வரும். பாரு, 'கண்ணீர் அஞ்சலி' வந்துட்ச்சி. உன் மூஞ்சி மட்டும் ஒட்டிக்கினு கீது.

இசக்கிபாண்டி: எம் மூஞ்சிய நானே சொரண்டுதேன். என் நேரத்தப் பாத்தியளா? பசை என்னத்தண்ணே போட்டு காய்ச்சினிய?

பாபு: மைதாதான். எங்க பெரிப்பா கட்சிக்கு ஒட்டுன காலத்துலேர்ந்து அதான். மழைக்கே அசையாது.

இசக்கிபாண்டி: நல்லா ஒட்டினிய போங்க.

பாபு: நக்கலு? சீக்கிரம் சொரண்டு. அவரு வர்றதுக்குள்ள கடைக்கு எதுத்தாப்ல கீறதையாச்சும் எடுத்துடணும். எங்க எறங்குவாராம்?

இசக்கிபாண்டி: சிங்கப்பெருமாள்கோயில்ல. அங்கருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ. இப்ப வந்துருவாவ.

சுபஸ்ரீ: யோவ்! ஷிப்டு விட்டு பஸ் பஸ்ஸா ஆளுங்க எறங்குது. கடைய தொறக்காம ரெண்டு பேரும் செவுத்த குளிப்பாட்டிக்கினு கீறீங்க?

பாபு: இசக்கி, உன் மதினிகிட்ட நீயே சொல்லு.

இசக்கிபாண்டி: நீங்க சொல்லுங்கண்ணே.

சுபஸ்ரீ: யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்க.

பாபு: இவன் அப்பா ஊர்லேர்ந்து வந்துக்கினு கீறாரு.

சுபஸ்ரீ: நல்லதுதானே? ரெண்டு வருஷமா பேசாத மனுசன்... மனசு எறங்கிட்டாரா?

இசக்கிபாண்டி: எம் பொணத்த வாங்கிட்டுப் போக வாராவ, மதினி.

சுபஸ்ரீ: ...இன்னா?

இசக்கிபாண்டி: நம்ம போஸ்டர எவனோ போட்டோ புடிச்சி ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டான். மாலையும் கீலையுமா என் மூஞ்சி. கீழ 'விவரம் நாளை'ன்னு வேற இருக்கு. ஊரே நான் செத்துட்டேன்னு நெனச்சிருக்கு.

சுபஸ்ரீ: அடக் கடவுளே! ஒரு போன போட்டு 'நான் நல்லாகீறேன்'னு சொல்றதுக்கு இன்னாடா?

இசக்கிபாண்டி: எனக்கே இன்னைக்கு விடியக்காலம்தான் தெரியும். வனமாமலைன்னு எங்க ஊர்ப் பய, திருப்பூர்ல வேல பாக்கான். அவன் அடிச்சான். நான் 'ஹலோ'ன்னதும் போன கீழ போட்டுட்டான். பொறவுதான் சொன்னான், 'ஒங்கய்யா நேத்து சாயங்காலமே பஸ் ஏறிட்டாவலே'ன்னு.

சுபஸ்ரீ: அவரு போனுக்கு அடிக்கிறது?

இசக்கிபாண்டி: அடிச்சேன். சுவிட்ச் ஆப். வீட்ல அந்த ஒரு போன்தான். அம்மைக்கு ஆள் சொல்லி விட்டிருக்கான் வனமாமலை.

சுபஸ்ரீ: நேத்து பூரா உனக்கு ஒரு போன் கூடவா வரல?

இசக்கிபாண்டி: போனு லாக்கர்லலா கெடந்துச்சு. லைனுக்குள்ள கொண்டுபோக விடமாட்டானுவ, தெரியும்லா.

பாபு: மத்தியானம் கேண்டீன் போகசொல்ல எடுப்பியே? எனக்கு கூட அப்பதானே அடிப்ப, 'எவ்ளோ வித்துச்சி'ன்னு?

இசக்கிபாண்டி: நேத்து எடுக்கல.

பாபு: ஏன்?

இசக்கிபாண்டி: எடுக்கலண்ணே, விடுங்க. இந்த மூலைய சொரண்டுங்க, காது தெரியுது.

சுபஸ்ரீ: நான் தலபாடா அடிச்சிக்கினேன். ஒரு பருப்புப் பொடிக்கு எதுக்குயா இத்தினி விளம்பரம்? நாலு பாக்கெட்டு வித்தாலும் நாலு பேரு நல்லாகீதுன்னு சொன்னா போதாதா?

பாபு: ஆட்டோல மைக் கட்டி ஓட்டுனோம். ஒருத்தன் திரும்பல. கம்பெனி பஸ்ல நோட்டீஸ் குடுத்தோம். அத்த வச்சி ஜன்னல் தொடச்சானுங்க. ஸ்டேட்டஸ் வச்சா நீயும் உங்கக்காவும் மட்டும் பாக்குறீங்க. இந்த ரோட்ல போறவன் வண்டிய நிறுத்தி படிக்கிறது ஒரே ஒரு போஸ்டர்தான். செத்தவன் போஸ்டரு.

இசக்கிபாண்டி: அத சொன்னது நான்தான் மதினி. மொத நாளு கண்ணீர் அஞ்சலி. மறுநாளு அதே மூஞ்சி சிரிச்சிக்கிட்டு, கையில தட்டு, 'பொழச்சிட்டேன்! சுபஸ்ரீ பருப்புப் பொடி'. சிரிப்பானுவ, வாங்குவானுவன்னு நெனச்சேன்.

சுபஸ்ரீ: மூஞ்சியும் நீயே குடுத்த.

இசக்கிபாண்டி: வேற எவன் மூஞ்சிய கேக்க? செத்தவனா நிக்க எவன் சம்மதிப்பான்?

சுபஸ்ரீ: மூஞ்சிய வுடு. அடியில இன்னா போட்டீங்க? 'துயரத்துடன், சுபஸ்ரீ பருப்புப் பொடி குடும்பத்தார்'. அத்த எவன் எழுதுனது?

பாபு: ...பேரு மனசுல பதியட்டுமேன்னு...

சுபஸ்ரீ: பதிஞ்சிட்ச்சி. நல்லா பதிஞ்சிட்ச்சி. லேடீஸ் ஹாஸ்டல் ரஞ்சனி அக்கா பாக்கெட்ட அப்படியே திருப்பிக் குடுத்துட்ச்சி. 'உன் பொடிய துன்னுதான் அந்தப் புள்ள போச்சாமே, சுபா'ன்னு கேக்குது! சேரப்பணஞ்சேரில எங்கம்மா வூட்டாண்ட கூட அதே பேச்சு. சாவுப் பொடின்றாங்கயா. எம் பேர வச்சி சாவுப் பொடின்றாங்க. நான் எப்படி தெருவுல நடப்பேன்?

பாபு: அழாத... தே, அழாத. ஆளுங்க பாக்குறாங்க.

சுபஸ்ரீ: பாக்கட்டும். அதுக்குத்தானே ஒட்டுனீங்க?

இசக்கிபாண்டி: கம்பெனிலயும் அதான் மதினி. தட்டெடுத்துட்டு வரிசையில நிக்கேன், ஒரு பீகார் பையன் வந்து என் கைய கிள்ளிப் பாக்கான். சூப்பர்வைசர் மட்டும் ஒண்ணும் கேக்கல. 'உயிரோட இருக்கியா? அப்ப ஓ.டி.க்கு நில்லு'ன்னுட்டாரு.

பாபு: ஹ... ஹ...

சுபஸ்ரீ: சிரிக்காத! சிரிச்சியோ, அந்த பக்கெட்ட தூக்கி உன் தலையில கவுத்துருவேன். ரெண்டாவது போஸ்டர நேத்து காலையிலயே ஒட்டியிருந்தா இவ்ளோ தூரம் வந்துருக்குமா?

பாபு: பிரஸ்ல கரண்ட் இல்லன்னு சொன்னான். நான் இன்னா பண்றது?

சுபஸ்ரீ: கரண்ட் இல்லாமத்தான் கட்டு கட்டா வந்து நம்ம கட்டிலுக்கு கீழ படுத்துக்கினு கீதா?

இசக்கிபாண்டி: ...ண்ணே?

சுபஸ்ரீ: சொல்லு. காலையில பெருக்கும்போது பாத்தேன். முந்தா நேத்தே வந்துட்ச்சி, கயிறு கூட பிரிக்கல.

பாபு: இசக்கி... ஊரே அதப்பத்திதான் பேசிக்கினு இருந்துச்சிடா. டீக்கடைல, பஸ்ல, எங்க போனாலும். இத்தினி மாசத்துல நம்ம பேர எவனாவது சொல்லிக் கேட்டிருக்கமா? இன்னும் ஒரு நாளு பேசட்டுமேன்னு... அவ்ளோதான்டா. வேற ஒண்ணும் நெனைக்கல. வெக்கமாகீது. திட்டுறதுன்னா திட்டு.

இசக்கிபாண்டி: விடுங்கண்ணே.

பாபு: இன்னாடா விடுங்கன்ற? ரெண்டு அறை வுட்டாக்கூட வாங்கிக்குவேன்.

இசக்கிபாண்டி: ஒங்கள திட்ட எனக்கு என்ன யோக்கியத இருக்கு?

சுபஸ்ரீ: ஏன்? உனக்கு இல்லாம வேற யாருக்கு கீது?

இசக்கிபாண்டி: ...தண்ணி தீந்துட்டு. புடிச்சிட்டு வாரேன்.

சுபஸ்ரீ: நில்லு. அப்பாவும் புள்ளையும் எதுக்கு பேசிக்கறதில்ல? இத்தினி நாளு நான் கேட்டதில்ல. இப்ப அவரு முன்னாடி நிக்கப் போறேன், தெரிஞ்சிக்கினு நிக்கிறேன்.

இசக்கிபாண்டி: தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போகல. அந்த மாசம் லீவு போடாதவனத்தான் பெர்மனன்ட் பண்ணுவோம்னு காண்ட்ராக்டர் சொன்னான். நம்பிட்டேன். மாப்பிள்ளைக்கு கால் கழுவி மோதிரம் போட மச்சினன் இல்ல. சித்தப்பா மவன் போட்டான். சபையில எல்லாரும் 'எங்க நயினாரே ஒம்ம மவன்?'னு கேட்டிருக்காவ.

பாபு: பெர்மனன்ட் ஆக்குனானா?

இசக்கிபாண்டி: எங்க ஆக்குனான்? இப்பவும் காண்ட்ராக்டுதான, ஒங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு ராத்திரி அய்யா போன்ல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ. 'நீ செத்தாலும் நான் வரமாட்டேன்'ன்னு. அதுக்குப் பொறவு பேச்சே இல்ல.

சுபஸ்ரீ: கோவத்துல சொல்றதுதான்.

இசக்கிபாண்டி: தெரியும் மதினி. தெரிஞ்சாலும்... படுக்கும்போதெல்லாம் காதுல கேக்கும். நெசமாவே வரமாட்டாவளோன்னு இருக்கும்.

பாபு: டேய்... அந்த போஸ்டருக்கு உன் மூஞ்சிய குடுக்கசொல்ல இது உன் மனசுல இருந்துச்சா?

இசக்கிபாண்டி: சத்தியமா இல்லண்ணே. பொடிக்குத்தான் குடுத்தேன்.

சுபஸ்ரீ: ஏய்... அங்க ஷேர் ஆட்டோலேர்ந்து ஒருத்தரு எறங்குறாரு. வெள்ளத் துண்டு, மஞ்சப்பை... அவரா?

இசக்கிபாண்டி: ...அவ்வோதான்.

பாபு: எங்கடா உள்ள ஓடுற? நீ முன்னாடி நில்லு! உன்னப் பாத்தாதான் மனுசனுக்கு உயிரு வரும்!

இசக்கிபாண்டி: முடியலண்ணே. மதினி, நீங்க மொதல்ல போயி சொல்லுங்க. பொறவு வாரேன். மாவு மூட்டைக்குப் பின்னாலதான் நிக்கேன்.

சுபஸ்ரீ: வாங்கப்பா... வாங்க. இப்படி நெழல்ல உக்காருங்க. பதறாதீங்க. உங்க புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. நல்லாகீறான். உள்ளதான் கீறான்.

ஆறுமுகநயினார்: சரி தாயி.

சுபஸ்ரீ: இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன். சமாதானத்துக்கு சொல்லல. அந்த போஸ்டரு சும்மா விளம்பரத்துக்கு ஒட்டுனது...

ஆறுமுகநயினார்: சரின்னேம்லா. குடிக்க கொஞ்சம் தண்ணி தாங்க.

பாபு: ஐயா, நான்தான் பாபு. கடை என்னுது. தப்பு பூரா என் மேலதான். உங்க கால்ல வுழறேன், இந்தப் பையன ஒண்ணும் சொல்லாதீங்க.

ஆறுமுகநயினார்: எந்திரிங்க தம்பி. ரோட்டுல வச்சி என்ன இது... போஸ்டரு இதானா? பாதி முகந்தான் இருக்கு. ரொம்ப மெலிஞ்சிட்டானோ?

பாபு: மெஸ் சோறு துன்னா எப்படி உடம்பு ஊறும்? டேய் இசக்கி! வெளிய வாடா!

இசக்கிபாண்டி: ராத்திரி சாப்பிட்டியளா?

ஆறுமுகநயினார்: விழுப்புரத்துல டீ குடிச்சேன்.

சுபஸ்ரீ: இட்லி ஊத்துறேன், ஒரு நிமிஷம். அந்தப் பைய குடுங்க, உள்ள வைக்கிறேன். யப்பா, இன்னா கனம்! ஏதோ வாசன வருது...

ஆறுமுகநயினார்: முந்திரிக்கொத்து தாயி. இவனுக்கு ரொம்பப் புடிக்கும். இவுக அம்மை நேத்து மத்தியானம் உக்காந்து சுட்டா. சூடு ஆறுமுன்னே கட்டி எடுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடியாந்தேன்.

பாபு: பெரியவரே... ஒரு நிமிஷம். புள்ள செத்துட்டான்னு கேட்டுட்டு... பலகாரமா சுட்டாங்க?

ஆறுமுகநயினார்: செத்துட்டான்னு எவன் சொன்னான்?

பாபு: அப்போ உயிரோட கீறான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? யாரு சொன்னது?

ஆறுமுகநயினார்: இவந்தான்.

இசக்கிபாண்டி: நானா? நான்... நான் ஒண்ணும் பேசவே இல்லியே!

பாபு: இன்னாடா பேசவே இல்லியேன்ற? போனையே எடுக்கலன்னு தானே சொன்ன?

சுபஸ்ரீ: இசக்கி... மேல பாரு. எடுத்தியா நீ?

ஆறுமுகநயினார்: நேத்து மத்தியானம் நான் அடிச்சேன், எடுத்தான் தாயி. எடுத்துட்டுப் பேசாம இருந்தான். பொறத்தால தட்டு உருளுத சத்தம், கூட இவன் மூச்சு. சின்னதுலருந்தே இவனுக்கு மூக்கடப்பு, விசில் மாதிரி ஒண்ணு கேக்கும். எனக்காத் தெரியாது? அதுவரைக்கும் என் கண்ணுல ஒரு சொட்டு வரல, கல்லு மாதிரி இருந்தேன். இவன் மூச்சக் கேட்ட பொறவுதாம்லே அழுதேன். ஊர்ல எவங்கிட்டயும் சொல்லல. 'எம் மவன் உசுரோட இருக்கான், நான் அழுதத கேட்டுக்கிட்டே இருந்தான்'னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்ல? ஒங்கம்மைகிட்ட மட்டும், நீ நல்லாப் பேசினன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.