மாதனூரில் அறுந்த ஃபேன் பெல்ட்

— பெரிய ஸ்பேனரக் கேட்டா சின்னத நீட்டுற. இன்னாம்மா அம்சவேணி, கவனம் எங்க இருக்குது?

— மாதனூர் ரோட்லயே நிக்குதுண்ணா. இந்நேரம் வேலூர் ஆஸ்பத்திரியில நர்ஸ் ட்ரைனிங் இன்டர்வியூவுக்கு உக்காந்திருக்க வேண்டியவ. வாசல்ல நின்னு உனக்கு ஸ்பேனர் எடுத்துத் தர்றேன். இந்தா.

— வண்டின்னா மக்கர் பண்ணத்தான் செய்யும். அம்பாசிடருக்கு உன் இன்டர்வியூ தெரியுமா? டைனமோவ உள்ள தள்ளு.

— தள்ளிட்டேன்.

— இன்னும் கொஞ்சம். ஆங். இப்ப ஃபேனை மெல்லச் சுத்து, பெல்ட்டு தானா ஏறிக்கும்.

— பஸ்ஸுல போறேன்னு சொன்னேனே. எத்தினி பஸ்ஸு நம்மளத் தாண்டிப் போச்சு! "தோ, சரியாப்பூடும்"னு சொல்லிச் சொல்லியே உக்கார வச்ச. கடைசியில ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி ஆம்பூருக்கே திருப்பிட்ட.

— வயசுப் பொண்ணத் தனியா பஸ்ஸுல அனுப்பச் சொல்றியா?

— ஷூ கம்பெனிக்குத் தெனம் தனியாத்தான் போறேன். அப்ப எனக்கு வயசு இல்லியா?

— பேஜார் பண்ணாதம்மா. அடுத்த வருசம் பாத்துக்கலாம். அந்தக் கட்டையக் குடு, டைனமோவ நெம்பணும்.

— புது பெல்ட்டு எங்க வாங்கின?

— எங்க வாங்குவேன்? சமத் பாய் கடைதான். உன்ன எறக்கி விட்டுட்டு ஓடிப்போய் வாங்கியாந்தேன்.

— இன்னிக்கி வெள்ளிக்கிழமைண்ணா.

— அதுக்கு?

— அதனாலதான் எங்க கம்பெனியே லீவு. சமத் பாய் வெள்ளிக்கிழமையில கடையத் தொறந்து நான் பாத்ததில்ல. உனக்கு மட்டும் தொறந்தாரா?

— ஆங்... தப்பாச் சொல்லிட்டேன். போன வாரம் வாங்கினது. டிக்கியில கெடந்துச்சு.

— டிக்கியிலயா? அப்ப ரோட்லயே ஏன் மாட்டல?

— கட்டையப் புடி.

— புடிச்சிக்கினுதான் இருக்கேன். நீ சொல்லு.

— மறந்துட்டேம்மா. பதட்டத்துல ஒண்ணும் தோணல.

— பழைய பெல்ட்டக் குடு. துணியில சுத்தாத, குடுண்ணா! தெனம் தோல் வெட்றவ நான். தானா அறுந்திருந்தா நாரு நாராத் தொங்கும். இது பாதி தூரம் வழவழன்னு இருக்குது. கத்தி போட்டிருக்க.

— கத்தாத. தெருவே பாக்குது.

— யாருக்காகப் போட்ட?

— உனக்காகத்தான். முனிரத்தினம் தங்கமான பையன். மூணு வருசம் நீ ஆஸ்டல்ல போய் உக்காந்தா அவன் காத்திருப்பானா?

— நேராச் சொல்லு. நான் அவனக் கட்டினாத்தான் அவன் தங்கச்சி விஜயகுமாரிய உனக்குத் தருவாங்க. அதான?

— பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறது ஊர்ல நடக்காததா?

— என்ன ஒரு வார்த்த கேட்டியா? வேலூருக்குப் போய் அப்ளிகேசன் வாங்கியாந்ததே நீதான். ஸ்டூடியோவுக்குக் கூட்டினு போய், "சிரிக்காத, நர்ஸ் மாதிரி பாரு"ன்னு போட்டோ புடிக்க வச்சதும் நீதான். அதே கையாலயா கத்தி எடுத்த?

— அப்ப விஜயா பேச்சு வரல அம்சா. எனக்கும் முடி நரைக்குது. அவள விட்டா எனக்கு யாரு? தப்புதான். அடுத்த வருசம் நானே உன்னக் கொண்டு போய்...

— வேணாம். இன்டர்வியூ புதன்கிழமையே முடிஞ்சிபோச்சு.

— இன்னா சொல்ற?

— உங்கிட்ட வெள்ளிக்கிழமைன்னு பொய் சொன்னேன். "உங்க அண்ணன் உன்னப் போக விடமாட்டாரு"ன்னு ஒருத்தி சொன்னா. எங்க அண்ணனப் பத்தி உனக்கு இன்னாடி தெரியும்னு அவகூட சண்டைக்கே போனேன். அவ சொன்னது பொய்யாவணும்னுதான் இன்னிக்கி வண்டியில ஏறினேன். நீ வேலூர் வரைக்கும் ஓட்டியிருந்தா, அங்கியே உன் கால்ல விழுந்து உண்மையச் சொல்லியிருப்பேன்.

— எவ அவ? நம்ம வீட்டு விசயத்துல மூக்க நுழைக்க அவ யாரு?

— உன் விஜயகுமாரிதாண்ணா. புதன்கிழமை அவளும் என்கூட இன்டர்வியூ குடுத்தா. ரெண்டு பேருக்கும் எடம் கெடச்சிருக்குது.