சோகம் யார் வழி?

எழுபதுகளில் ஒரு காலை, டெய்ரி ஃபார்ம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு தம்பதி.

"பிள்ளைக்குப் பைத்தியம் என் வம்சத்து வழின்னே இருக்கட்டும். சோகம் உங்க வழிதான்" என்றாள் மனைவி.

நான் இறங்க வேண்டிய இடம் அப்போதே கடந்துபோனது. ஆபீஸ் என்னைத் தேடியிருக்காது.

"காதுல குரல் கேட்குதுன்னான், மாத்திரையில நின்னுச்சு. இப்ப சோறு வேணாம், குளியல் வேணாம்னு மூலையில கிடக்கான் பிள்ளை. குடும்பத்துல இப்படிக் கிடந்தவங்க எந்த மருந்துல எந்திரிச்சாங்கன்னு டாக்டர் சாப் கேட்டாரே? அதே மருந்து இவனுக்கும் பலிக்கலாமாம்."

"எங்க வம்சத்துல எல்லாரும் சிங்கம்."

"திக்லிபூர்ல காடு திருத்திக் குடியேற வந்த வருஷம், இந்தச் சிங்கம் மூணு மாசம் பாயை விட்டு எந்திரிக்கல. மருந்துலதான் எந்திரிச்சுது."

"மெதுவாப் பேசுடி, பின்னால ஆள் இருக்கு."

அவர் திரும்பினார். நான் உடனே தூங்கிப்போனேன், குறட்டையோடு.

"பிள்ளைக்காக டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அவர் அவள் பக்கம் குனிந்தார்.

"சரி, சொல்றேன். ஆனா அந்த மருந்துப் பேரு யாருக்கு ஞாபகம் இருக்கு?"

அவள் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள்.

"இதோ. இத்தனை வருஷமா கடுகு போட்டு வச்சிருக்கேன். லேபிளை மட்டும் உரிக்கல."