கிளட்சில் பழுது இல்லை

கிளட்ச் ஒட்டிக்கொள்வது பெரிய நோய் இல்லை ஐயா. நின்றே கிடக்கும் எந்த வண்டிக்கும் வரும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு தட்டு இருக்கிறது. பெடலை மிதித்தால் அது எஞ்சினை விட்டு விலக வேண்டும். காலை எடுத்தால் சேர வேண்டும். பதினோரு வருடம் யாரும் மிதிக்காவிட்டால் துருப்பிடித்து, சொந்தக்காரர்களைப் போல, பிடிக்காமலே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அக்காவின் கணவர் வாங்கிவந்த லாரி அப்படித்தான் கிடந்தது. அவர் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய வண்டி. சாவியைத் திருகிக் கிளப்புவதெல்லாம் கிடையாது. முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலைச் சொருகிச் சுற்ற வேண்டும். அத்தானுக்கு அதுதான் பிடித்திருந்தது. உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலையில் முகம் வெளியே தெரியாது.

வேலை நடந்தது என் பட்டறையில். பெடலை அமுக்கி, சீட்டுக்கும் அதற்கும் நடுவே மரக்கட்டையை முட்டுக்கொடுத்து நான்கு நாள் விட்டேன். அசைந்துகொடுக்கவில்லை. பிறகு பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கியரில் போட்டுக் கிளப்பி, பெடலை மிதித்தபடியே பிரேக்கை அழுத்தினேன். மறுபடி, மறுபடி. நாற்பத்தொன்றாவது தடவை உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். தட்டு பிரிந்துவிட்டது. அக்காவின் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. அதற்குக் காரணம் மாப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

அந்த மாப்பிள்ளை அப்போது மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆமாங்க, கையெல்லாம் கிரீஸு. இப்பத்தான் பிரிச்சேன்."

இருபத்திரண்டு வருடமாக எங்கள் குடும்பத்தில் அதுதான் ஏற்பாடு. வேலையை நான் பார்ப்பேன். செய்தது அவராக இருக்கும்.

மறுநாள் காலை பழைய வண்டிச் சங்கத்துக்காரர்கள் எட்டுப் பேர் பார்க்க வந்தார்கள். லாரிக்கு எதிரே, நான்கு தப்படி தள்ளி, பட்டறையின் கருங்கல் சுவர். அதில் அத்தான் தன் படம் போட்ட பேனரைக் கட்டியிருந்தார். 'இயந்திரங்களின் இதயத்துடிப்பே' என்று எழுதியிருந்தது. வாசகமும் அவருடையதே. ஆளுக்கு ஒரு அடி கணக்கில் எட்டடி பேனர்.

"மச்சான், நீ மேல ஏறி உக்காரு," என்றார். "கிளட்சை மிதிச்சுக்கிட்டு முதல் கியர் போடு. நான் ஹேண்டில் சுத்திக் கிளப்பறேன். கியர்ல இருந்தும் வண்டி என் மேல வராம நிக்கும். கிளட்ச் விட்டுடுச்சுன்னு அதைவிட என்னடா நிரூபணம் வேணும்?"

"நியூட்ரல்ல போட்டே கிளப்பலாமே அத்தான். எதுக்கு வம்பு?" என்றேன். எட்டுப் பேர் காதிலும் விழுந்தது. உங்கள் ஸ்டேஷன் காகிதங்களிலும் இருக்கிறது.

"பயந்தாங்கொள்ளி. உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

இத்தனை வருடத்தில் அதை என் வேலை என்று அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஏறி உட்கார்ந்தேன். மிதித்தேன். கியரைப் போட்டேன். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. லாரி அதிர்ந்தது, ஒரு அங்குலம் நகரவில்லை. கைதட்டினார்கள். அத்தான் ஹேண்டிலை உருவித் தோளில் சாத்திக்கொண்டு, ரேடியேட்டருக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தார்.

"நாலு நாள் தூக்கம் இல்லாம என் கையால பிரிச்ச கிளட்ச்சு இது."

அது பரவாயில்லை. பழகிப்போன விஷயம். ஆனால் அதோடு விடவில்லை. கட்டைவிரலால் பின்னால் என்னைக் காட்டி, "இனிமே இது ஒட்டிக்கிச்சுன்னா, நம்ம மச்சான் கை வச்சுட்டான்னு அர்த்தம்," என்றார்.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்ததாக ஒருவர் சொல்லியிருக்கிறார், இருக்கலாம்.

லாரி போய்ச் சுவரில் நின்றது. அத்தான் பேனரில் இருந்தார்; பேனருக்கு முன்னாலும் இருந்தார்.

உங்கள் வண்டிப் பரிசோதகர் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அரைமணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு, 'கிளட்ச் மறுபடி ஒட்டிக்கொண்டதால் நேர்ந்த விபத்து' என்று எழுதினார். என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். படித்த மனிதர். ஒட்டியிருந்தால் ஹேண்டிலைச் சுற்றியபோதே வண்டி நகர்ந்திருக்குமே, கிளம்பி, நின்று, ஒரு சொற்பொழிவையும் கேட்டுவிட்டா நகரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் அப்போது பேசாமல்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் தலையைத் தடவி, "விடுடா. நீ வேணும்னேவா பண்ணே? அவசரத்துல வேலையைச் சரியாப் பாக்காம விட்டுட்டே, அவ்வளவுதானே?" என்றாள்.

அதுதான் ஐயா தாங்கவில்லை. கொலைகாரா என்று அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். செத்துப்போனவர் அடித்த கிண்டலை நீங்கள் முத்திரை குத்தி உண்மையாக்கி வைத்திருக்கிறீர்கள். கூடப் பிறந்தவளே அதை நம்பி என்னை மன்னிக்கிறாள்.

ஆகவே திருத்திக்கொள்ளுங்கள். இடது காலை நான்தான் எடுத்தேன். எஞ்சின் அணைந்துவிடக் கூடாதே என்று வலது காலால் ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தேன். அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டேன். ஒரு உதறல் இல்லை, குலுக்கல் இல்லை; நல்ல கிளட்ச் அப்படித்தான் பிடிக்கும். அத்தானுக்குத் திரும்பி என் முகத்தைப் பார்க்கக்கூட நேரம் இருந்தது.

நான் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்பது உங்கள் வேலை, அதில் தலையிடமாட்டேன். கிளட்சில் பழுது இல்லை என்று முதலில் எழுதுங்கள். அதற்குக் கீழே எதை எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு நகல் அக்காவுக்கும் வேண்டும்.